லாயமும் லயமும்

குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்து சமாளித்துக்கொள்கிறோம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது. குதிரையின் தொண்டை அப்படி அமையவில்லை. ஓடும்போதும், மேட்டில் ஏறும்போதும், முதுகில் ஒரு ஆளைச் சுமக்கும்போதும் அதற்கு மூக்கு மட்டும்தான். அதனால் குதிரை இருமினால் "தடிமன் பிடிச்சிருக்கு, தானாப் போயிரும்" என்று விட்டுவிட முடியாது. நுரையீரலில் கொஞ்சம் பிரச்சினை இருந்தாலும் இருமாமலே நடமாடக்கூடிய பிராணி அது. அது அடிக்கடி இருமுகிறது என்றால், உள்ளே விஷயம் கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதை எங்களுக்குப் படிப்பித்தது சூட்டி.

சூட்டிக்கு இப்போது வயது 23. வீட்டில் கடைக்குட்டிக்கு வைக்கிற பெயர் அது. சித்தப்பா வாங்கி வந்த காலத்தில் பொருந்தியிருக்கும். இப்போது கண்ணுக்கு மேலே குழி விழுந்து, முகத்தில் நரை ஓடி, முதுகு கொஞ்சம் தொய்ந்து நிற்கிற கிழவனை "சூட்டி, சூட்டி" என்று கூப்பிடுகிறோம். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

இந்தக் கட்டுரையில் "நாங்கள்" என்றால் மூன்று பேர்: அண்ணன், பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கிற நடு ஆள், ஸ்கூல் போகிற தங்கச்சி. கம்பஸில் இந்தக் கதையைச் சொன்னபோது யாழ்ப்பாணத்து பட்ச்மேட் ஒருத்தி, "நெடுந்தீவில மட்டும்தான் குதிரை நிக்குதெண்டு நினைச்சனான்" என்றாள். இல்லை. நுவரெலியாவிலும் இருக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகள் கட்டுத்தறி இல்லாமல் வெட்டையில் மேய்கிறவை. எங்கள் ஊர்க் குதிரைகள் வேலைக்காரக் குதிரைகள். ரேஸ் கோர்ஸும் கிரகரி வாவியும் இருக்கிற ஊர். ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைகள் குதிரையில் ஏறி ஒரு ரவுண்ட் போய், போட்டோ எடுத்து, இறங்குவார்கள். சூட்டி அந்த வேலையைப் பல வருசம் செய்தான். சித்தப்பாவுக்கு முட்டிவலி வந்து, சூட்டிக்கும் வயதாகி, இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சீசனில் வாவிக்கரைக்குப் போவதை நிறுத்தினார்கள். அதன் பிறகு சூட்டி எங்கள் பொறுப்பு.

இருமல் முதலில் காலையில்தான் வந்தது. வைக்கோலைப் போட்டதும் இரண்டு, வெளியே நடத்தினால் மூன்று நான்கு. பிறகு மூச்சைக் கவனித்தோம். உள்ளே இழுப்பது லேசாக இருந்தது. வெளியே விடும்போதுதான் கஷ்டம். ஒருதரம் விட்டு முடித்த பிறகு, மிச்சத்தைத் தள்ளிவிட வயிறு இன்னொருதரம் எக்கியது. வருசக்கணக்கில் அப்படி எக்கி எக்கி வேலை செய்தால் அந்த வயிற்றுத் தசை தடித்துப்போகும். விலா எலும்புகள் முடிகிற இடத்தில் சாய்வாக ஒரு கோடு விழும். சூட்டிக்கு அந்தக் கோடு இருந்தது.

தங்கச்சி ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் கணக்கெழுத ஆரம்பித்தாள். குதிரை சும்மா நிற்கிற நேரத்தில் அதன் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வளர்ந்த குதிரைக்கு 8 முதல் 16 வரைக்கும் சாதாரணம். சூட்டிக்கு அந்த வாரம் 28.

கால்நடை வைத்தியர் வந்தார். சிங்களம் பேசுகிற டொக்டர். எங்களுக்காகத் தமிழையும் கலந்து பேசினார். முதலில் காய்ச்சல் பார்த்தார். குதிரைக்கு 38.5 பாகை செல்சியஸ் வரைக்கும் சாதாரணம். சூட்டிக்கு அதற்குள்தான் இருந்தது. தாடைக்கு அடியில் வீக்கம் இருக்கிறதா, மூக்கில் மஞ்சளாகச் சளி வடிகிறதா, பக்கத்துக் குதிரைகள் இருமுகின்றனவா என்று கேட்டார். இதில் ஏதாவது இருந்தால் தொற்று. அப்போது உடனே மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களுக்குள் தங்கிவிட்டது.

"இவர் என்ன சுவாசிக்கிறார்? அதை முதல்ல காட்டுங்க."

மருந்துப் பெட்டியை மூடி வைத்துவிட்டு கொட்டிலுக்குள் போனார். முழங்காலில் இருந்து, சூட்டி தலையைக் குனிந்து தின்கிற உயரத்தில் தன் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். எங்களையும் அப்படியே செய்யச் சொன்னார். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்தால் மூத்திர நெடி கண்ணை எரித்தது. வைக்கோலை ஒரு பிடி உதறினார். வாசல் வெளிச்சத்தில் தூசி புகை மாதிரி எழும்பியது. அது வெறும் மண் தூசி இல்லை. ஈரத்தோடு கட்டிவைத்த வைக்கோலில் பிடிக்கிற பூஞ்சணத்தின் வித்துகளும் அதில் இருக்கின்றன. 1,868 மீற்றர் உயரத்தில், பாதி வருசம் மழையும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில், வெலிமடைப் பக்கத்திலிருந்து வருகிற வைக்கோல் காய்ந்தே இருந்தால்தான் அதிசயம்.

சூட்டிக்கு வந்திருப்பது ஆஸ்துமா. மனிதருக்கு வருவது மாதிரித்தான். தூசிக்கும் பூஞ்சணத்துக்கும் நுரையீரல் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி கட்டுகிறது. வயது கூடக்கூட இது கூடும். முழுக்கக் குணமாகாது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். டொக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீரொய்ட் மருந்து தந்தார். கிருமி இல்லாத இருமலுக்கு அன்ரிபயோட்டிக் எதுவும் செய்யாது என்று சொல்லி அதைத் தரவில்லை. போகும்போது சொன்னது: "மருந்து மூச்சுக்குழாயைத் திறக்கும். தூசி திரும்ப மூடும். நான் தாரது பாதி வைத்தியம்தான். மத்தப் பாதி உங்க கையில."

அந்த மற்றப் பாதி என்ன என்பதை எழுதுகிறோம். குதிரை வளர்க்கிறவர்கள் இதை வாசிப்பது குறைவு என்று தெரியும். ஆனாலும் வாசியுங்கள், காரணம் பின்னால் வரும்.

முதலாவது தீனி. பச்சைப் புல்லில் தூசி கிட்டத்தட்ட இல்லை. அதனால் முடிந்தவரைக்கும் புல். அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடாகிக் கெட்டுப்போகும். அன்றன்றைக்கு அறுத்து அன்றன்றைக்கே போட வேண்டும். மழை விடாத நாளில்தான் வைக்கோல். அதையும் பீப்பாய்த் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரமாகவே போடுகிறோம். காயவிட்டால் தூசி திரும்பி வந்துவிடும். ஊறின தண்ணீரை அடுத்த தடவைக்கு வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை ஊறவைத்தாலும் போடக் கூடாது. பல் தேய்ந்த வயது என்பதால் தவிட்டையும் நனைத்துத்தான் கொடுக்கிறோம். எல்லாவற்றையும் தரையில் வைக்கிறோம். தலையைக் குனிந்து தின்னும்போது மூச்சுக்குழாயில் உள்ள சளி தானாக வெளியே வழியும். உயரத்தில் வலைகட்டித் தொங்கவிட்டால் தூசி நேராக மூக்கில் விழும்.

இரண்டாவது படுக்கை. மரக்காலையில் கிடைக்கிற நைசான மரத்தூளுக்குப் பதிலாகத் தச்சுப்பட்டறையில் கிடைக்கிற பெரிய சீவல். ஈரமான இடத்தைத் தினமும் அள்ளிவிட வேண்டும். கூட்டும்போது சூட்டி உள்ளே நிற்கக் கூடாது. கூட்டி முடித்து, தூசி அடங்கின பிறகுதான் உள்ளே.

மூன்றாவது காற்று. இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது.

எங்கள் ஊரில் எல்லாக் கொட்டிலும் அடைத்த கொட்டில்தான். குளிர் அப்படி. பலகை, தகரம், அதற்கு மேல் ஒரு நீலத் தரப்பாள். டொக்டர் மேல்பாதிப் பலகைகளை இரண்டு பக்கமும் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"வயசான சீவன். ஐப்பசிக் காத்துல நிக்க வச்சா இருமல் கூடாம கொறையுமா? படிச்சவங்க பேசுற பேச்சா இது?"

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நனைந்த உடம்பில் குளிர்காற்று அடித்தால் எந்த உயிருக்கும் கஷ்டம்தான். ஆனால் நனையாமல், காய்ந்த முடியோடு நிற்கிற குதிரைக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை. அடைத்து வைத்த சூடான, மூத்திர நெடி ஏறின காற்றுதான் எதிரி. அண்ணன் கூரையை ஓர் அடி நீட்டி, சாரல் அடிக்காதபடி செய்தான். பிறகு பலகையைக் கழற்றினான். ஒரு சுத்தியல், ஒரு பின்னேரம், அவ்வளவுதான் வேலை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் கொப்பியில் 28 என்பது 20 ஆனது. இரண்டு மாதத்தில் 16. மழை நாளில் 18. இருமல் நிற்கவில்லை, குறைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தவிட்டைத் தானே நனைக்க ஆரம்பித்தார்.

மூச்சு அடங்கியபோது தோல் தொடங்கியது. பிடரி மயிரையும் வாலின் அடியையும் தூணில் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மயிர் போய், சதை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டான். இதுவும் ஒவ்வாமைதான். கொசுவை விடச் சின்னதாக ஒரு பூச்சி இருக்கிறது, குலிகொய்டிஸ் என்று பெயர். சேறு, சாணம், அழுகின இலை தழை இருக்கிற ஈரத்தில் பெருகும். அது கடிக்கும்போது அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நூறு குதிரை நின்றால் எல்லாவற்றையும் கடிக்கும். அதில் சிலதுதான் இப்படித் தேய்த்துக்கொள்ளும்.

இந்தப் பூச்சி விடியக்காலையும் பொழுதுசாய்கிற நேரமும்தான் அதிகம் வரும். அந்த நேரத்தில் குதிரை உள்ளே நிற்க வேண்டும். இருமலோ வெளியே போ என்கிறது. அரிப்பு உள்ளே வா என்கிறது. வயதான உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் பாதி நேரம் இப்படி இரண்டு நோய்களுக்கு நடுவே சமாதானம் பேசுவதுதான். எங்கள் சமாதானம் இதுதான்: பகல் முழுக்க வெளியே, பொழுது சாயும்போது உள்ளே, உள்ளே ஒரு பழைய மேசை விசிறி. அந்தப் பூச்சிக்குப் பறக்கிற பலம் குறைவு, விசிறிக் காற்றிலேயே தடுமாறும். காற்றோட்டம் இருமலுக்கும் நல்லது. ஒரு விசிறி, இரண்டு வைத்தியம்.

அம்மா நெருக்கமாக நெய்த பழைய பருத்திப் படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு சட்டை செய்து கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "சூட்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்கள். நனைந்தால் உடனே கழற்றிக் காயப்போட வேண்டும். ஈரத் துணி இன்னொரு நோயைக் கொண்டுவரும். அந்த நோயும் வந்தது. விடாத மழையில் முதுகில் பொருக்குப் பொருக்காகக் கட்டி, பொருக்கைத் தொட்டால் மயிர்க்கற்றையோடு, பெயின்ட் தூரிகை மாதிரிக் கழன்று வந்தது. ஈரத்தில் வளர்கிற ஒரு பக்டீரியாவின் வேலை. டொக்டர் சொன்ன குளோர்ஹெக்சிடின் மருந்தைப் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, முக்கியமாகத் துடைத்துக் காயவைத்தோம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஊறித் தானாக வர வேண்டும். இவனுடைய பிரஷ்ஷை வேறு குதிரைக்குக் கொடுக்கக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், சில தோல் நோய்கள் நமக்கும் ஒட்டும்.

வேப்பெண்ணெய் பூசச் சொல்லி வழியில் போகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பூசினோம், ஆனால் தேங்காயெண்ணெயில் நன்றாகக் கலந்து, முதலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் போட்டு, ஒரு நாள் பார்த்த பிறகு. கீறிச் சிவந்த தோலில் தனி வேப்பெண்ணெய் எரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சூட்டியின் மயிர் நீளமாகச் சுருண்டு, எத்தனை மாதமானாலும் கொட்டாமல் நிற்கிறது. வயதான குதிரைகளுக்கு மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பி ஒன்று சரியாக வேலை செய்யாமல் போனால் இப்படி வரும், தொற்று நோய்களும் சுலபமாகப் பிடிக்கும் என்றார் டொக்டர். அப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீரொய்ட் அதிகமானால் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகலாம். அதனால்தான் அவர் மருந்தைக் கொஞ்ச நாளில் நிறுத்தினார். இருமல் கூடினால் டொக்டரைக் கேட்காமல் மிச்சமிருக்கிற மருந்தை நாங்களாகக் கொடுப்பதில்லை. மூக்கு விரிந்து, கழுத்தை நீட்டி, தீனியைத் தொடாமல் நின்றால் மட்டும் எந்த நேரமானாலும் அழைப்பு எடுக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் எதற்கு? இந்தக் கேள்வியை எங்களிடம் நிறையப் பேர் கேட்டார்கள். "ஒழைக்காத குதிரைக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?" ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எங்கே கொண்டுபோவார் என்பதைச் சொல்லவில்லை. இன்னொருவர் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார். அப்படி அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகளை நுவரெலியா ரோட்டில் பார்த்திருக்கிறோம். குப்பைத் தொட்டிப் பக்கம் நிற்கும், ராத்திரியில் வாகன வெளிச்சத்துக்கு முன்னால் திடீரென்று தெரியும்.

பதில் சொன்னது தாத்தா. "ஒழைச்சு முடிச்சவன கேட்டுக்குங்க, எதுக்குன்னு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு இருமினார்.

தாத்தா தேயிலை பெக்டரியில் சலிக்கிற அறையில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவர். காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சு மாதிரி மெல்லிய தூசி பறக்கும். பொழுதுபட வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் பழுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்வார். தலைமுண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது ஒன்றுதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு. வேலை முடிந்தபோது ஈ.பி.எப். காசு ஒருதரம் வந்தது, பெரியம்மா கல்யாணத்தோடு போனது. மாதா மாதம் பென்சன் என்று ஒன்றும் இல்லை. இருமல் மட்டும் கூடவே வந்தது.

தாத்தாவை ஓர் அரச வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி சோதிக்க வேண்டும் என்பதால் அதையும் சோதித்தார்கள், காசநோய் இல்லை. இன்ஹேலர் தந்தார்கள். அது உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டோம். வரிசை நீளம், டொக்டர் ஒருவர். ஆனால் அத்தனை தடவை போயும் ஒருவர்கூடக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் குதிரைக்கு வந்த டொக்டர்தான் கேட்டார்.

இவர் என்ன சுவாசிக்கிறார்?

அன்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் எங்கள் காம்பராவைக் குதிரை டொக்டரின் மூக்கால் மோந்து பார்த்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. மூலையில் விறகடுப்பு. கூரைத் தகரமும் உத்தரமும் கரி பிடித்துப் பளபளக்கின்றன. தாத்தா படுப்பது அடுப்புக்குப் பக்கத்தில், குளிருக்கு அதுதான் இதமான இடம். அவர் படுக்கிற உயரத்தில் குனிந்து மூச்சை இழுத்தால் புகையும் ஈரச்சுவரின் பூஞ்சண நெடியும் வந்தன. தங்கச்சிதான் சொன்னாள்: "கொட்டிலு மாதிரியே இருக்கு." பிறகு, "இல்ல, கொட்டிலு இப்ப நல்லா இருக்கு."

தமிழில் குதிரை கட்டுகிற இடத்துக்கு லாயம் என்று பெயர். நாங்கள் இருக்கிற இடத்துக்கு லயம் என்று பெயர். ஒரு கால் தான் வித்தியாசம். கலைப்பீடத்து ஆளுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அண்ணன், "அந்தக் காலக் கொண்டுபோய் அடுப்புக்கு முட்டுக் குடு" என்றான்.

அண்ணன் சொன்னதைத்தான் செய்தோம். அடுப்பைப் பின்பக்கத்துக்கு மாற்றி, தகரத்தை உருட்டி ஒரு புகைக்குழாய் வைத்தோம். தாத்தாவின் கட்டிலை எதிர்மூலைக்கு இழுத்தோம். குளிருக்கு ஒரு கம்பளி கூட. கம்பளியை வெயில் வருகிற நாளில் எல்லாம் வெளியே போட்டு உதறுகிறோம். கூட்டும்போது தாத்தா இஸ்தோப்பில் போய் உட்காருகிறார். "என்னயும் சூட்டி ஆக்கிட்டீங்கடா" என்கிறார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

மிச்சம் இருப்பது சுவர். எதிர்ப்பக்கத்தில் இரண்டடிக்கு ஒரு ஜன்னல் வைத்தால் காற்று குறுக்கே ஓடும். கொட்டிலில் பலகையைக் கழற்றியபோது யாரையும் கேட்கவில்லை என்று சொன்னோமே. லயத்துச் சுவரை அப்படித் தொட முடியாது. அந்தச் சுவர் எங்களுடையது இல்லை. தாத்தாவுடைய அப்பா காலத்திலிருந்து அதற்குள் இருக்கிறோம், சுண்ணாம்பு அடிப்பது நாங்கள், ஒழுகினால் சட்டி வைப்பது நாங்கள். ஆனால் ஒரு துவாரம் போட தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 7 பேர்ச் காணி, தனி வீடு என்று எலக்சனுக்கு எலக்சன் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதையெல்லாம் அரசியலாக மட்டுமே நினைத்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: காணி உரிமை என்பது சிலசமயம் உங்கள் தாத்தா மூச்சுவிடுவதற்காகச் சுவரில் இரண்டடி திறக்கிற உரிமை.

கடிதம் எழுதிக் கொடுத்து நான்கு மாதமாகிறது. "பார்க்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடி எழுதுகிறோம், இந்தத் தடவை லயத்தில் இருமுகிற மற்ற வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்து. இதுவரைக்கும் பதினொரு வீடு.

உங்கள் வீட்டில் குதிரை இல்லாமல் இருக்கலாம். இருமுகிற ஒருவர் இருப்பார். சிரப் வாங்கும்போதே இதையும் செய்யுங்கள். அவர் படுக்கிற உயரத்தில், அவர் வேலை செய்கிற இடத்தில், குனிந்து ஒருதரம் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

தங்கச்சியின் கொப்பியில் இப்போது இரண்டு நிரல். இடது பக்கம் சூட்டி, வலது பக்கம் தாத்தா. மனிதருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரைக்கும் சாதாரணம். நேற்று சூட்டிக்கு 15. தாத்தாவுக்கு 22.